அனுமதியும் அமானிதமும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத்தில் ஸ்ரீ வாணி விலாஸ் அச்சகம் 1910ஆம் ஆண்டில் சங்கரரின் நூல்களை 20 தொகுதிகளாக வெளியிட்டது. நூறாண்டு கடந்தும் அத்தொகுதிகள் நூலகங்களில் உள்ளன. அதே ஊரில் வளர்ந்து, திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா, 'அம்பலம்' என்னும் இணைய இதழுக்கு ஆசிரியராயிருந்தார். அச்சில் வந்த அவருடைய நூல்கள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. இணைய இதழோ நின்றுபோயிற்று. அச்சேறியதைக் காப்பது நூலகத்தின் கடமையாயிற்று. இணையமேறியதைக் காப்பது எவருடைய கடமையும் ஆகவில்லை. இதற்குத் தொழில்நுட்பத்தைக் காட்டிலும் சட்டமே காரணம் என்பது நமது கருத்து.

1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டப்படி, பதிப்பாளர் ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமரா உள்ளிட்ட வேறு மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்புதல் வேண்டும். தனிமனிதரின் இணையத்தளம் அதன் வரம்பில் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 2012இல் சேர்ந்த விதி, இலாப நோக்கற்ற பொது நூலகம் ஒரு படைப்பை மின்வடிவில் சேமித்துக் காக்க இசைகிறது. ஆயினும் அதன் மின்வடிவல்லாத படி ஏற்கெனவே நூலகத்திடம் இருத்தல் வேண்டும் என்கிறது. மின்வடிவிலேயே பிறந்த தளத்துக்கு அத்தகைய படி ஏது? எது விரைவில் அழியுமோ அதையே இவ்விதி கைவிட்டுவிடுகிறது.

ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. 2008இல் காலமான சுஜாதாவின் எழுத்துகளுக்கு அது 2068 முடியும்வரை உண்டு. அத்தனை காலம் தாள் பொறுத்திருக்கும், இணையம் பொறுத்திராது. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, தமிழர் பலர் அங்கே அமைத்திருந்த சொந்தத் தளங்களும் மறைந்தன.

அப்படியாயின் கேளாமலே படியெடுக்கலாமா? அமெரிக்காவில் 1996இல் தோன்றிய இணைய ஆவணக் காப்பகம் அவ்வாறே செய்கிறது. மறைந்த தளங்கள் பலவற்றின் எச்சத்தை அங்குதான் காண்கிறோம், அந்நன்றியை மறத்தலாகாது. ஆயினும் எழுதியவருக்குத் தம் சொல்லைத் திருத்தவும் திரும்பப் பெறவும் உரிமையுண்டு. நமது கல்வி மரபில் இஜாஸா என்பது இதனையே உணர்த்துகிறது. ஆசிரியரிடம் ஓதி, அவர் அனுமதி பெற்ற பின்னரே மாணவர் அந்நூலைப் பிறர்க்கு ஓதுவித்தார். அவ்வனுமதி ஏட்டிலேயே பதியப்பெறுவதும் உண்டு. அறிவு பரவுதலை அது தடுக்கவில்லை. பரவும் அறிவுக்குப் பொறுப்பாளரை உண்டாக்கிற்று.

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 1996இல் தொடங்கிய பண்டோரா திட்டம் தள உரிமையாளர் ஒவ்வொருவரிடமும் இசைவு கேட்டது. நேரிய வழிதான், ஆனால் மறுமொழி வாராத தளங்கள் விடுபட்டன. மௌனத்தை மறுப்பாகக் கொண்டால் இறந்தோரின் எழுத்து அவர்களோடே போய்விடும். பிரிட்டன் 2013இல் வேறு வழி கண்டது. அங்கே சேமிப்பதற்கு இசைவு வேண்டியதில்லை. ஆனால் உரிமையாளர் இசைந்தாலன்றி அவற்றை நூலகத்துக்குள் மட்டுமே படிக்க இயலும்.

காத்தல் வேறு, பரப்புதல் வேறு என்னும் இப்பாகுபாடே நியாயமானது. காப்பவர் அமானிதம் பேணுகிறார். பரப்புபவரோ உரியவரின் சொல்லைக் கேட்கக் கடமைப்பட்டவர். நமது சட்டமும் இவ்வாறு திருந்துதல் வேண்டும். அதுவரை திருச்சிராப்பள்ளியின் நூலகங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எழுத்துமூலமான உரிமம் இன்றைய சட்டப்படியே செல்லும். எழுதியவர்கள் உயிரோடிருக்கும்போதே சென்று கேட்பது நூலகரின் பணி. ஒரு கடிதத்தில் இசைவு தருவது எழுத்தாளரின் பணி.