அந்த ஊர்ல ஆளே இல்லியா?

நண்பரின் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம், கழுத்து நிறைய கேமரா. லீவில் வந்தவன், "அங்கிள், ஜவ்வாது மலைக்குப் போறேன். கரடி இருக்காம், போட்டோ எடுக்கணும். நீங்களும் வாங்க" என்றான். கரடி எனக்கு வேண்டாம், சாமைச் சோறு கிடைத்தால் போதும் என்று கிளம்பிவிட்டேன்.

ஜமுனாமரத்தூரில் தங்கினோம். சாயங்காலம் மழை. வழக்கம்போலக் கரண்ட் போயிற்று. லேப்டாப்பில் மட்டும் சார்ஜ் இருந்தது. "அங்கிள், யெல்லோஸ்டோன் படம் பார்க்கிறீங்களா?" என்று திறந்தான். மொத்தம் 1,840 படங்கள். மாட்டிக்கொண்டேன். எங்களுக்குச் சமைத்துப் போடும் பெரியவரும் துண்டில் கையைத் துடைத்தபடி பின்னால் வந்து நின்றார்.

படங்கள் பிரமாதம், அதில் சந்தேகமே இல்லை. பூமியைப் பொத்துக்கொண்டு வெந்நீர் பீறிட்டு நிற்கிறது. 'ஓல்டு ஃபெய்த்ஃபுல்' என்று பெயராம். ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒரு தரம் சொன்ன சொல் தவறாமல் பொங்குவதால் அந்தப் பெயர். அடுத்தது 'கிராண்ட் பிரிஸ்மாடிக்'. நூறு மீட்டருக்கு மேல் அகலமான வட்டக்குளம். நடுவில் நீலம், சுற்றி மஞ்சள், ஓரத்தில் ஆரஞ்சு, யாரோ பெரிய கோலம் போட்டுக் கலர் தூவியதைப் போல. அந்த மஞ்சளும் ஆரஞ்சும் சாயமல்ல, உயிர். சூட்டுக்கு அஞ்சாத நுண்ணுயிர்கள் ஆளுக்கொரு வெப்பநிலையில் குடியிருக்கின்றன. 1966-ல் தாமஸ் பிராக் என்பவர் யெல்லோஸ்டோன் வெந்நீரில் எடுத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்த என்ஸைம்தான், பின்னாளில் பி.சி.ஆர். பரிசோதனைக்கு உயிர்நாடி ஆனது. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டார்களே, அந்த டெஸ்ட்டுக்குப் பூர்வீகம் அங்கேதான் இருக்கிறது.

பிறகு பனியில் நிற்கும் காட்டெருமை. ஆவிக்கு நடுவே ஓநாய். மறுபடி காட்டெருமை.

நாற்பதாவது படத்தில் பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "ஏன் தம்பி, அந்த ஊர்ல ஆளே இல்லியா?"

"ஆளா? வருஷத்துக்கு முப்பது, நாப்பது லட்சம் பேர் வர்றாங்க தாத்தா. என் பக்கத்துல மட்டும் முந்நூறு பேர் நின்னாங்க. யாரும் படத்துல விழாம எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு."

"ஏன் விழக் கூடாது?"

பையன் என்னைப் பார்த்தான். நான் வெளியே மழையைப் பார்த்தேன்.

*

நான் பி.காம். படித்தவன். போட்டோகிராஃபி தெரியாது, ஆனால் கணக்குத் தெரியும். எங்கள் பாஷையில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று ஒன்று உண்டு. வருஷக் கடைசியில் பேலன்ஸ் ஷீட்டை அலங்காரம் செய்வது. ஒரு எண்கூடப் பொய்யாக இருக்காது. ஆனால் சொத்தெல்லாம் முன்னால் நிற்கும், கடன் எங்கேயோ மடிப்பில் ஒளிந்துகொள்ளும். இன்றைய காட்டுயிர்ப் படங்களில் பெரும்பாலானவை எனக்கு அப்படித்தான் தெரிகின்றன. புலி உண்மை, புல் உண்மை. புலியைச் சுற்றி நின்ற பதினைந்து ஜீப்புகள்? அவை கணக்கில் வராது.

இந்த வியாதி நேற்று வந்ததல்ல. 1871-ல் ஹேடன் என்ற நிலவியலாளர் தலைமையில் யெல்லோஸ்டோனுக்கு ஒரு ஆய்வுக்குழு போனது. கூடவே வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற போட்டோகிராபர். அப்போது ஃபிலிம் ரோல் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். அத்தனை சாமானையும் கோவேறு கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போனார். அதுவரை 'பூமி கொதிக்கிறது' என்று வேட்டைக்காரர்கள் சொன்னதைக் குடிகாரன் பேச்சு என்று சிரித்தவர்கள், படத்தைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். அந்தப் படங்களும், கூடப் போன ஓவியர் தாமஸ் மோரனின் ஓவியங்களும் வாஷிங்டனில் கை மாறின. 1872 மார்ச் 1 அன்று அதிபர் கிராண்ட் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். உலகின் முதல் தேசியப் பூங்கா என்று சொல்லப்படுவது அப்படித்தான் பிறந்தது. சுமார் 9,000 சதுர கிலோமீட்டரைத் தனியார் கையில் விழாமல் காப்பாற்றியதில் போட்டோவுக்கும் பங்கு உண்டு. வரவுப் பக்கத்தில் தாராளமாக எழுதலாம்.

பற்றுப் பக்கம்? அந்த மண்ணில் ஷொஷோனி போன்ற பழங்குடிகள் ஆயிரக்கணக்கான வருஷங்களாக வேட்டையாடி, கிழங்கு தோண்டி, வெந்நீர் ஊற்றுப் பக்கம் வாழ்ந்து வந்தார்கள். பூங்கா வந்த சில வருஷங்களுக்குள் அவர்களை வெளியேற்றினார்கள். அதோடு விடவில்லை. 'இவர்களுக்கு வெந்நீர் ஊற்றைக் கண்டாலே பேய் பயம், இந்தப் பக்கம் வந்ததே இல்லை' என்று ஒரு கதையையும் கட்டிவிட்டார்கள். இன்று அந்தப் பூங்கா நிர்வாகமே, 27 பழங்குடி இனங்களுக்கு இந்த மண்ணோடு உறவு உண்டு என்று சொல்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் தாமதமான ஒப்புதல்.

ஆளில்லாத இடம் என்பதால் ஆளில்லாத படம் எடுத்தார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். நடந்தது பாதி தலைகீழ். படத்தில் இருந்தது போலவே ஆகட்டும் என்று இடத்தைக் காலி செய்தார்கள்.

நம்ம ஊர் வெந்நீர் ஊற்றை நினைத்துப் பாருங்கள். திருகோணமலை பக்கம் கன்னியாவில் ஏழு கிணறு. ராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்பார்கள். வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள ஆள் இருக்கும். இமாசலப் பிரதேசத்து மணிகரணில் கொதிக்கிற ஊற்றிலேயே அரிசியை வேகவைத்துப் பந்தி போடுகிறார்கள். அங்கே படம் எடுத்தால் வாளி விழும், ஈரத் துண்டு விழும், அண்டா விழும். 'உலகத் தரம்' வராது. ஆனால் அந்தத் தண்ணீருக்கும் மனுஷனுக்கும் என்ன சம்பந்தம் என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

*

மனுஷன் படத்தில் இல்லை என்பதற்காக அவன் கொடுக்கும் தொல்லை இல்லாமல் போய்விடுமா? 2014-ல் ஒருவர் மேலிருந்து படம் எடுக்க ஆசைப்பட்டு, தடை இருந்தும் டிரோன் விட்டு, அது அந்தக் கலர் குளத்துக்குள்ளேயே விழுந்தது. 2016-ல் சுற்றுலா வந்தவர்கள், ஐயோ பாவம் குளிருமே என்று ஒரு காட்டெருமைக் கன்றைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பிறகு மந்தை அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் அதிகாரிகள் அதைக் கொன்றுவிட வேண்டியதாயிற்று. காட்டெருமையிடமிருந்து 25 கஜம், கரடி, ஓநாயிடமிருந்து 100 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் படம் அந்தத் தூரத்தைச் சொல்வதில்லை. பார்ப்பவன் என்ன நினைப்பான்? கிட்டப் போனால் நமக்கும் கிடைக்கும் என்றுதான்.

இங்கேதான் மா.கிருஷ்ணன் ஞாபகம் வருகிறார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-லிருந்து சாகும் வரை இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். நான் வாரா வாரம் மேட்டர் கிடைக்காமல் முழிக்கிறேன், மனுஷன் 46 வருஷம் எழுதியிருக்கிறார்! தமிழிலும் அழகாக எழுதினார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' கிடைத்தால் விடாதீர்கள்.

கிருஷ்ணன் எடுத்தது கறுப்பு வெள்ளை. கேமரா? வெவ்வேறு கம்பெனிகளின் பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டியது. அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று கிண்டலாக ஒரு பெயர். அவருடைய யானை முகம் முட்டிக்கொண்டு நம் மேல் பாயாது. மூங்கில், ஓடை, தூரத்து மரம் எல்லாவற்றோடும் தன் வீட்டில் நிற்கும். யானை எவ்வளவு பெரியது என்பதோடு, அதற்குக் காடு எவ்வளவு பெரியதாக வேண்டும் என்பதும் தெரியும். முதலில் மங்கலாகத் தோன்றும், நின்று பார்த்தால் விலகி வர மனம் வராது. அழகுப் படம் சேர்க்க அவர் அலையவில்லை. தென்னிந்தியப் பாலூட்டிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று நேரு ஃபெல்லோஷிப் வாங்கிக்கொண்டு காடு காடாகக் கணக்கெடுத்தார். படம் அந்தக் கணக்குக்குச் சாட்சி. ஆடிட் செய்த பேலன்ஸ் ஷீட்.

குறை சொல்வதானால் அவரிடமும் ஒன்று உண்டு. கிருஷ்ணன் படம் என்றால் நம் நினைவுக்கு வருவது யானைதான். யானைக்குத் தடம் பார்த்துச் சொன்ன மனிதர்களின் முகம் அல்ல. அந்தப் பெரிய கண்ணிலேயே அது விழவில்லை என்றால், மற்றவர்களை என்ன சொல்ல?

*

இப்போது ஜவ்வாது மலைக்கு வருவோம். இது தேசியப் பூங்கா இல்லை. யெல்லோஸ்டோன் மாதிரி கொதிக்கவும் இல்லை. அதற்காகக் குறைவாக நினைக்காதீர்கள். அங்கே கடைசிப் பெரும் வெடிப்பு நடந்தது 6,40,000 வருஷத்துக்கு முன்பு. இந்தப் பக்கத்து மலைகளின் சார்னோக்கைட் பாறை, பூமியின் அடி ஆழத்தில் பயங்கரச் சூட்டில் வெந்து இறுகியது சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்பு. எல்லாக் கொதிப்பும் அடங்கி உட்கார்ந்திருக்கிற தாத்தா மலை.

இங்கே கேமரா இல்லாமலும் இல்லை. காவலூர் வைனு பாப்பு வானாய்வகம் இந்த மலையில்தான். 1988-ல் அங்கே 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த படத்தில்தான் ஒரு புதிய சிறுகோள் அகப்பட்டது. ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு கல் நகர்ந்தால் இந்த மலையிலிருந்து படம் எடுத்துவிடுகிறோம். மலையில் குடியிருக்கிறவரை?

மலையாளிகள் என்று சொல்வார்கள். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசும் மலைவாசிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று கதை சொல்வார்கள். சாமை விதைப்பார்கள், தேன் எடுப்பார்கள், புளி உலுக்குவார்கள். நாடு முழுக்க இவர்களின் படம் பத்திரிகைகளில் வந்த சமயம் ஒன்று உண்டு. 2015 ஏப்ரல் 7. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் பலர் ஜவ்வாது மலைப் பக்கத்தவர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலி என்கவுன்டர் என்றன மனித உரிமை அமைப்புகள். படத்தில் கிடந்தது உடல்களும் மரக்கட்டைகளும். அந்தச் சேஷாசலம் மலையிலும் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் அழகான படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். தேவாங்கு, அருவி, பறவை. அதில் ஆள் இருக்காது.

காட்டுப் படத்தில் மனுஷனுக்கு இரண்டே இடம். ஒன்று, ஃபிரேமுக்கு வெளியே. இல்லையென்றால், பிணமாக உள்ளே. இதற்கு நடுவில் உயிரோடு, வேலை செய்துகொண்டு, சிரித்துக்கொண்டு நிற்க அவனுக்கு இடமே கிடையாதா? அழகான படம் எடுப்பவர்கள்மேல் எனக்கு உள்ள வழக்கு இது ஒன்றுதான்.

யோசனை சொல்லாமல் வழக்குப் போடக் கூடாது. எந்த பேலன்ஸ் ஷீட்டுக்கும் பின்னால் 'குறிப்புகள்' என்று சில பக்கம் இருக்கும். அது இல்லாமல் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். காட்டுப் படத்துக்கும் கீழே மூன்று வரி எழுதுங்கள். எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது? பக்கத்தில் எத்தனை வண்டி நின்றது? யார் காட்டிக்கொடுத்தது? லென்ஸ் நம்பரை அவ்வளவு அக்கறையாகப் போடுகிறவர்களுக்கு இது பெரிய வேலையா?

மறுநாள் விடிகாலையில் பெரியவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மணி நேரம் நடை. கரடி வரவில்லை. ஒரு கரையான் புற்றை ராத்திரி கரடி தோண்டியிருந்தது. ஈர மண்ணில் நகம் பதிந்த கோடுகள். பெரியவர் குனிந்து விரலால் காட்டினார். பையன் படக்கென்று எடுத்தான். காய்ப்புக் காய்ச்சிய ஒரு கை, புற்று, நகக்கீறல், பின்னால் சாமைக் கொல்லை.

"கையை கிராப் பண்ணிடவா அங்கிள்?"

"கையை எடுத்துட்டா அப்புறம் வெறும் பள்ளம்தான்பா."

விட்டுவிட்டான். கீழே மூன்று வரியும் எழுதினான், பெரியவரிடம் கேட்டு அவர் பெயரையும் சேர்த்து. அவன் காட்டிய 1,841 படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

பெரியவருக்குக் காட்டினோம். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா இம்மாம் பெரிய பொட்டி வச்சிருக்கியே, கரடி எங்க?"