தோற்க முடியாத வாதம்

உளவியலில் இன்றுவரை தீராத ஒரு தகராறை 1973இல் ஒரு கட்டுரை மூலம் கிளப்பிவிட்டவர் கென்னத் கெர்கன். சமூக உளவியல் செய்துகொண்டிருப்பது விஞ்ஞானமல்ல, சரித்திரம் என்றார். காரணம் எளியது. கல்லைப் பற்றிய விதியைக் கல் படிப்பதில்லை. மனிதனைப் பற்றிய விதியை மனிதன் படித்துவிடுகிறான். படித்தபின் அதற்கு இணங்கியோ அதை முறியடிக்கவோ நடக்கிறான். ஆகவே சோதனைச்சாலையின் பொது உண்மைகள் ஒரு காலத்து மனிதர்களின் நடப்பைப் பற்றிய குறிப்புகளாகவே நிற்கும்.

1985இல் இன்னும் ஒரு படி போனார். வெளியுலகம் மனதில் விழுத்தும் பிரதிபிம்பமே அறிவு என்பது ஒரு கட்சி. மனம் தன் உள்ளமைப்பால் உலகை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது என்பது எதிர்க்கட்சி. நடத்தைவாதம் முதல் கட்சியின் வாரிசு. அதற்குப் பின்வந்த அறிதல் உளவியல் இரண்டாவதன் பக்கம் சாய்ந்தது. இரண்டுமே அறிவைத் தனிமனித மண்டைக்குள் தேடுகின்றன என்பது கெர்கனின் புகார். அது மனிதர்களுக்கு இடையே, பேச்சில் உண்டாகிறது. கோபம், நினைவு, சுயம் எல்லாம் அப்படிப் பேசிப் பேசி உண்டாக்கிக்கொண்டவை. இதற்குச் சமூகக் கட்டுமானவாதம் என்று பெயர்.

நம் வட்டத்தில் பலருக்கு இது சட்டென்று பிடித்துப்போகும். மொழிக்கு இவ்வளவு அதிகாரத்தை ஒரு விஞ்ஞானத்துறை தானே முன்வந்து கொடுத்தால் எழுத்தாளனுக்குக் கசக்குமா? 'ஆழ்மனச் சிக்கல்' என்று கதாபாத்திரங்களுக்கு மருந்துச்சீட்டு எழுதும் விமர்சகர்களிடம், உங்கள் சிக்கலும் ஒரு கதைதான் ஐயா என்று சொல்லிவிடலாம். அந்தச் சந்தோஷம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு நிஜ வழக்கில் இந்த வாதம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952இல் வெளியிட்ட முதல் நோய்ப்பட்டியலில் தன்பாலீர்ப்பு ஒரு மனக்கோளாறு. 1973 டிசம்பரில் சங்கத்தின் நிர்வாகக் குழு அதை நீக்கியது. எதிர்த்தவர்கள் உறுப்பினர் வாக்கெடுப்பு கேட்டு வாங்கினார்கள். 1974இல் வாக்களித்தவர்களில் 58 சதவிகிதம் பேர் நீக்கத்தை ஆதரித்தார்கள். கட்டுமானவாதிக்கு வேறு சாட்சி தேவையில்லை. வாக்குச்சீட்டால் காசநோயை ஒழிக்க முடியுமா? முடியாது. இது முடிந்தது. நோய் என்பது சங்கத்தின் பேச்சு. பேச்சு மாறியது, நோயும் போயிற்று.

எனக்கு இடறுவது இங்கேதான். இந்த விளக்கத்தின்படி 1972இல் அது நோயாக இருந்தது, 1974இல் இல்லை. முன்னது தவறு என்று சொல்ல இந்த வாதத்திடம் சொல் இல்லை. அது வேறு பேச்சு, இது வேறு பேச்சு, எதன் விளைவுகள் வாழ உகந்தவை என்று யோசிப்போம் என்ற அளவில் நின்றுவிடும். குணமாக்குகிறேன் என்று மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டவன் கேட்பது வேறு. 'என்னை நோயாளி என்றீர்களே, அது பொய்தானே?' அவனுக்கு வேண்டியது ஆம் அல்லது இல்லை.

அந்தப் பதிலுக்கு வழிசெய்தவர் ஈவ்லின் ஹூக்கர். தங்களிடம் சிகிச்சைக்கு வந்தவர்களை வைத்தே மருத்துவர்கள் முடிவுகட்டிக்கொண்டிருந்த காலம். ஹூக்கர் சிகிச்சைக்கு வராத 30 தன்பாலீர்ப்பு ஆண்களையும், வயது, கல்வி, அறிவுத்திறன் மூன்றிலும் அவர்களுக்கு இணையான 30 பிற ஆண்களையும் எடுத்துக்கொண்டார். மைத்தடத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனையும் இன்னும் இரண்டும் நடத்தினார். விடைகளைப் பெயரில்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார். அந்தத் துறையில் பெரும் பெயர்பெற்ற புரூனோ குளோப்ஃபர் அவர்களில் ஒருவர். மைத்தட விடைகளை வைத்து இன்னார் இன்னவர் என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை. மன இசைவுக்குக் கொடுத்த மதிப்பீட்டிலும் சொல்லும்படியான வித்தியாசமில்லை. 1957இல் இது அச்சாயிற்று.

மைத்தடச் சோதனையே ஒரு கட்டுமானம்தானே என்று கெர்கன் தரப்பினர் கேட்கலாம். வாஸ்தவம், அதன் நம்பகம் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனாலும் அந்தக் கட்டுமானத்துக்குள்ளேயே, அதன் நிபுணர்களைக் கொண்டே, அதன் விதிகளின்படியே ஒரு கூற்று தோற்றது. என் பிழைப்பிலிருந்து ஒரு உதாரணம். ரூபாய் நோட்டு முழுக்க முழுக்க மனிதர்களின் ஒப்பந்தம். இருந்தும் சாயங்காலம் கல்லாவை எண்ணும்போது பத்து ரூபாய் குறைந்தால் குறைந்ததுதான். பேசிச் சரிக்கட்ட முடியாது, காசாளர் கையிலிருந்து போட வேண்டும். கெர்கனின் உலகில் கணக்கு ஒருநாளும் குறைவதில்லை. அவருடைய வாதத்தையும் எதுவும் தோற்கடிக்க முடியாது. 'எல்லாமே ஒரு வாசிப்புதான்' என்று சொல்லித் தப்பிக்கும் இலக்கிய விமர்சனத்தின் மீது எனக்குள்ள எரிச்சலும் இதுவே. பிரதியைக் காட்டித் தவறென்று நிரூபிக்க இடம்கொடாத வாசிப்பை ஏற்க எனக்கு முகாந்திரம் தெரியவில்லை.

1957க்கும் 1973க்கும் இடையில் 16 வருஷங்கள் ஏன் கழிந்தன என்பதற்கு ஹூக்கரிடம் பதில் கிடையாது. 1970இலிருந்து சங்கத்தின் மாநாடுகளுக்குள் புகுந்து கூச்சலிட்டவர்கள் இல்லாவிட்டால் அந்த ஆய்வு சஞ்சிகையிலேயே தூங்கியிருக்கும். எந்தக் கூற்றுக்கு எப்போது காது கிடைக்கிறது என்பதைக் கட்டுமானவாதம்தான் விளக்கும். அதன் எல்லையை ஓரளவு ஒழுங்காக வரைந்தவர் இயான் ஹாக்கிங். அணுத்துகளுக்குத் தன் பெயர் தெரியாது, நோயாளி என்று பெயர் சூட்டப்பட்டவனுக்குத் தெரியும். பெயரால் அவன் மாறுகிறான், அவன் மாறியதால் பெயரின் பொருளும் மாறுகிறது. 1999இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே, எதன் சமூகக் கட்டுமானம் என்று கேட்கிறது. கெர்கனிடம் கேட்கவேண்டிய கேள்வி.

2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் 'மாற்றும்' முயற்சிகளுக்குத் தடை விதித்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் இவர்களைக் குறிக்கும் மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. பேச்சு மாறுவதற்கு நம் மொழியில் இதைவிடத் துலக்கமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். நம் விமர்சகர்கள் அதை வாங்கிப் படிக்கட்டும், தடை விதித்த உத்தரவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.