வியவாமையும் இகழாமையும்

புறநானூற்றின் 192-ஆம் பாடலை அறியாத தமிழ் மாணவர் அரியர். எல்லா ஊரையும் தம் ஊராகவும் எல்லா மக்களையும் தம் உறவினராகவும் கொள்ளும் அதன் முதலடி, மண்டப முகப்புகளிலும் ஆண்டு மலர்களின் அட்டைகளிலும் பேச்சுப் போட்டி மேடைகளிலும் இடம்பெற்று வருகிறது. ஆனால், அப்பாடல் பதின்மூன்று அடிகளைக் கொண்டது. எஞ்சிய பன்னிரண்டு அடிகள் பலர் நாவில் ஏறுவதில்லை. விழாவிற்கு முதலடி போதும். வாழ்விற்கு அது போதுமா?

பாடியவர் கணியன் பூங்குன்றனார். கணியன் என்பது காலத்தைக் கணித்துரைப்போர்க்கு உரிய பெயர். பூங்குன்றம் அவர்தம் ஊர்; இன்றைய சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டியே அவ்வூர் என்பர். எல்லா ஊரும் தம் ஊரே என்று பாடிய புலவரின் பெயரோடு ஒரு சிற்றூரின் பெயர் இணைந்தே நிற்பது எண்ணத்தக்கது. உலகைத் தழுவியவர் தம் ஊரை உதறிவிட்டு வந்தவர் அல்லர். தன்னை மறுத்தவனே பிறரை ஏற்க இயலும் என்று கருதுவோர்க்கு அப்பெயரே முதல் விடையாகும்.

புறநானூற்றில் மன்னரின் வென்றியையும் கொடையையும் பாடும் பாட்டுகள் மிகுதி. இப்பாட்டிலோ மன்னனும் இல்லை, பரிசிலும் இல்லை. பொருண்மொழிக் காஞ்சி என்னும் துறையில் இது வகுக்கப்பட்டுள்ளது. சான்றோர் ஆராய்ந்து தெளிந்த பொருளை எடுத்துரைப்பது அத்துறை. ஆகவே, இதனை உணர்ச்சிப் பெருக்கில் எழுந்த முழக்கமாகக் கொள்ளாமல், ஒரு முடிவை நோக்கிப் படிப்படியாகச் செல்லும் சிந்தனையாகப் படிப்பதே முறை.

அச்சிந்தனையின் படிகள் வருமாறு: ஊரும் உறவும் அனைவர்க்கும் பொது. தீமையும் நன்மையும் பிறர் தருவதால் வருவன அல்ல. துன்புறுவதும் அது தணிவதும் அவ்வாறே. சாவு புதியதன்று. வாழ்வு இனிது என்று களிப்பதும் இல்லை. வெறுப்பு வந்தவிடத்து அது கொடிது என்று பழிப்பதும் இல்லை. மின்னலோடு வானம் மழை பொழிய, கல்லில் மோதி ஒலித்துப் பாயும் பேராற்றில் மிதவை செல்வது போல, உயிரும் முறைவழியே செல்லும். இதனை அறிவுடையோர் காட்சியால் தெளிந்தமையால், பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை. சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை.

இறுதிப் பகுதியில் ‘ஆதலால்’ என்னும் பொருள்படும் ஒரு சொல் வருகிறது. பாட்டு முழுவதும் அச்சொல்லின் மேல்தான் நிற்கிறது. வியவாமையும் இகழாமையும் புலவர் விடுக்கும் கட்டளைகள் அல்ல. முன் கூறியவற்றிலிருந்து பிறக்கும் முடிவுகள். முதலடியை மட்டும் பாடி நிறுத்துவோர், விதையைப் போற்றிவிட்டுக் கனியை மறந்தோர் ஆவர்.

இங்கு ஒரு தடை எழலாம். நன்மையும் தீமையும் பிறரால் வருவன அல்ல என்பது மனிதனின் பொறுப்பை வலியுறுத்துவது. மிதவை உவமையோ உயிரை ஆற்றின் போக்கிற்கு விட்டுவிடுவது. ஒரே பாட்டில் இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்? மிதவை உவமையைக் கொண்டு இப்பாட்டை ஆசீவகச் சார்புடையது என்று கருதுவோரும் உளர். சமயச் சார்பு எதுவாயினும், முடிவடிகளை நோக்கினால் முரண்பாடு தளர்வதைக் காணலாம். ஒருவன் எக்குடியில் பிறந்தான், எந்நிலத்தில் வளர்ந்தான், எந்நிறமும் எத்திறமும் பெற்றான் என்பன ஆற்றின் போக்கைச் சார்ந்தவை. அவற்றைப் பெற்றபின் பிறரை எவ்வாறு நோக்குகிறான் என்பது அவனைச் சார்ந்தது. ஒரு மிதவை நீரோட்டத்தின் நடுவே விரைந்து செல்கிறது. மற்றொன்று பாறையிடுக்கில் தங்கிவிடுகிறது. முன்னதற்குச் செருக்கும் பின்னதற்கு நாணமும் எதற்கு? புலவர் உவமையைத் தோல்வியின் ஆறுதலாகக் காட்டவில்லை. தன்னையும் பிறரையும் அளக்கும் பொய்க்கோலை முறிக்கும் கருவியாகவே ஆள்கிறார்.

பாட்டின் சொல்லமைப்பில் வேறு இரு நுட்பங்களும் உள்ளன. ஒன்று, புலவர் தன்மைப் பன்மையில் பேசுகிறார். ‘இகழாதே’ என்று எதிர்நிற்பவனுக்கு அறிவுறுத்தாமல், ‘யாம் இகழ்வதில்லை’ என்று கூறுகிறார். அறம் கூறுவோன் மேலேயும் கேட்போன் கீழேயும் நிற்கும் நிலை அங்கு இல்லை. சிறியோரை இகழாமையைப் பாடும் பாட்டு, கேட்போரைச் சிறியோராக்காமலே பாடப்பட்டுள்ளது. மற்றொன்று, வியத்தலையும் இகழ்தலையும் அவர் ஒரே நிறையில் வைக்கவில்லை. வியத்தல் இல்லை, இகழ்தல் ‘அதனினும்’ இல்லை. அளவிறந்து வியப்பவன் தன்னையே தாழ்த்திக்கொள்கிறான்; இகழ்பவன் பிறனைத் தாழ்த்துகிறான். இரண்டும் குற்றமே எனினும் பின்னதே கொடிது. வியப்பை அறியாதவன் பெருமையை எவ்வாறு உணர்வான் என்று வினவலாம். பெருமையை உணர்வது வேறு. அதன்முன் தன் நிலையை இழப்பது வேறு. புலவர் விலக்குவது பின்னதையே.

இவ்விடத்தில் கபிலர் பாடிய 121-ஆம் பாடலை ஒப்புநோக்குதல் பயன்தரும். மலையமான் திருமுடிக்காரியிடம் அவர் கூறுவது வேறொரு குரலாய் ஒலிக்கிறது. பலரும் ஒருவனை நாடி வருவர். அவர்க்கு ஈதல் எளிது. அவரவர் தகுதியை அறிதலே அரிது. ஆதலின் புலவர் அனைவரையும் ஒரே தன்மையராய் நோக்குவதை விடுக என்கிறார் கபிலர். பூங்குன்றனார் எல்லாரையும் நிகராக்க, கபிலர் வேற்றுமை காணச் சொல்வது முரண் போலத் தோன்றும். ஆயினும், கபிலர் எவரையும் இகழச் சொல்லவில்லை; ஒவ்வொருவரையும் தனித்தனியே அறியச் சொல்கிறார். எல்லாரையும் ஒன்றுபோல் நோக்குவது சமநோக்குப் போலத் தோன்றினும், பல வேளைகளில் அது எவரையும் நோக்காமையே ஆகும். பூங்குன்றனார் உயர்வு தாழ்வை மறுத்தார்; வேற்றுமையை மறுக்கவில்லை. கபிலர் வேற்றுமையை வேண்டினார், தாழ்வை வேண்டவில்லை.

208-ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் இவ்வுண்மையின் மறுபக்கத்தைக் காட்டுகிறார். அதியமான் நெடுமான் அஞ்சி அவரை நேரிற் காணாமலே பரிசில் கொடுத்தனுப்ப, குன்றும் மலையும் கடந்து வந்த புலவர் அதனை ஏற்க மறுக்கிறார். காணாது தந்த பொருளைக் கொண்டு செல்லத் தாம் வாணிகர் அல்லர் என்றும், தம் தகுதி அறிந்து அளிப்பின் அது தினையளவாயினும் இனிது என்றும் கூறுகிறார். வறுமையைப் பல பாட்டுகளில் பாடியவர் அவர். அத்தகையவர் பொருளை மறுத்தது செருக்கன்று. தன்னை ஏற்றுக்கொண்டவன், தன் முகம் நோக்காத கொடையை ஏற்கமாட்டான் என்பதற்கு அவர் மறுப்பே சான்று.

மூன்று பாடல்களையும் சேர்த்துப் படித்தால் ஒரு முழுமை புலப்படும். தன் நிலைக்கு நாணாமை பெருஞ்சித்திரனாரிடமும், பிறர் தகுதியைத் தனித்தறிதல் கபிலரிடமும், அவ்வறிவு உயர்வு தாழ்வாக மாறாமற் காத்தல் பூங்குன்றனாரிடமும் அமைந்துள்ளன. ஒன்று குறைந்தாலும் மற்றவை திரியும். தன்மதிப்பு மட்டும் இருப்பின் செருக்காகும். தகுதி அறிதல் மட்டும் இருப்பின் தரம்பிரிக்கும் வாணிகமாகும். நிகர்நோக்கு மட்டும் இருப்பின் வெற்றுச் சொல்லாகும்.

இந்நாட்டுத் தமிழர்க்கு இது ஏட்டோடு நிற்கும் செய்தியன்று. 1966-இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அதற்கு முன்னின்று உழைத்த தனிநாயகம் அடிகள், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கியவர். பல நாட்டு அறிஞர், பல சமயத்தார், பல மொழியினர் தமிழின்பொருட்டு ஓரிடத்தில் அமர்ந்தனர். தமிழர் தமிழராகவே இருந்தனர். வந்தோர் தத்தம் தன்மையிலேயே இருந்தனர். முதலடி சொல்லாக நில்லாமல் செயலான தருணங்களுள் அதுவும் ஒன்று.

ஆயினும், மாநாட்டு மண்டபத்தினும் வகுப்பறையே கடினமான களம். மலாய், சீனம், தமிழ் என்னும் பல மொழிகள் ஒலிக்கும் தெருவைக் கடந்து பள்ளிக்கு வரும் தமிழ் மாணவன், தன் மொழியையும் நிறத்தையும் தந்தையின் தொழிலையும் எண்ணிக் கூசி நிற்பது உண்டு. அவனே, தன்னினும் மெல்லக் கற்கும் தோழனைக் கண்டு நகைப்பதும் உண்டு. மேலே நோக்கி வியந்து சுருங்குவதும், கீழே நோக்கி இகழ்ந்து பெருமிதம் கொள்வதும் ஒரே நோயின் இரு கூறுகள். முதலடியை மனப்பாடம் செய்து பரிசு பெற்ற மாணவனிடமும் அந்நோய் தங்கியிருக்கக்கூடும். இறுதியடிகளைப் பொருளுணர்ந்து கற்றவனிடம் அது நெடுநாள் தங்காது.

ஆகவே, இப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் ‘ஆதலால்’ என்னும் பொருளுடைய அச்சொல்லில் சற்றே நிற்றல் வேண்டும். அதற்கு முன் உள்ளவற்றைக் காரணமாகவும் பின் உள்ளவற்றைப் பயனாகவும் மாணவர் காணச் செய்தல் வேண்டும். விடைத்தாளைத் திருப்பித் தரும் வேளையில், முதல் மாணவனை எவ்வாறு நோக்குகிறார், கடைசி மாணவனை எவ்வாறு நோக்குகிறார் என்பதும் அப்பாட்டின் உரையே. அந்நோக்கில் பிழை நேர்ந்தால், பதவுரையும் பொழிப்புரையும் எவ்வளவு செம்மையாக இருந்தும் பயனில்லை.