வெரெஷ்சாகின்: நேரில் நின்றவரின் பலமும் பலவீனமும்

தாமிரபரணி எங்கள் ஊரான ஆழ்வார்திருநகரிக்கு வந்து சேருமுன் பாபநாசத்தில் அருவியாக விழுகிறது. 1792-ல் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் அந்த அருவியை வரைந்துகொண்டு போய், பின்னர் லண்டனில் அச்சிட்டார்கள். நல்ல படம். அருவி இருக்கிறது, பாறை இருக்கிறது. அந்த நாளில் இந்தச் சீமையில் பாளையக்காரர்களுக்கும் கும்பினிக்கும் இடையே நடந்த இழுபறியின் சுவடு மட்டும் இல்லை. பயண ஓவியர்களின் இந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் என்றுதான் ரஷ்யாவின் வசீலி வெரெஷ்சாகினை (1842–1904) ஓவிய உலகம் கொண்டாடுகிறது. நேரில் நின்று பார்த்ததை ஒளிக்காமல் வரைந்தவர் என்று புகழ்கிறது. கொண்டாட்டம் நியாயமானதுதான். அதற்குச் சொல்லும் காரணம்தான் எனக்கு ஒப்பவில்லை.

போரைத் தூரத்தில் நின்று தொலைநோக்கியில் பார்த்து வரைய முடியாது, தானே அதில் இறங்கிப் பட வேண்டும் என்பது வெரெஷ்சாகினின் கொள்கை. அதன்படியே வாழ்ந்தார். ஜெனரல் காஃப்மனின் படையோடு துர்க்கெஸ்தானுக்குப் போனவர், 1868-ல் சமர்கந்துக் கோட்டை முற்றுகையில் துப்பாக்கி ஏந்திச் சண்டையிட்டு, புனித ஜார்ஜ் சிலுவை வாங்கினார். 1874-ல் பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகம் பேராசிரியர் பட்டம் கொடுத்தபோது, கலைக்குப் பட்டமும் பதவியும் கேடு என்று சொல்லித் திருப்பிவிட்டார். அதே ஆண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். பம்பாய், ஆக்ரா, டில்லி, சிக்கிம், காஷ்மீர், லடாக் என்று 1876 வரை அலைந்தார். 1882-ல் மறுபடி வந்தார். அவர் வரைந்த இந்தியாவில் பெரும்பகுதி வடக்கும் இமயமும்தான்.

இந்தப் பயணங்களின் உண்மையான விளைச்சல், கையடக்கமான சின்னப் படங்கள். நடுப்பகல் வெயில் சலவைக்கல்லில் மோதி எழுப்பும் கூச்சத்தை அவரைப்போல் பிடித்த ஐரோப்பியர் குறைவு. ஆக்ராவின் முத்து மசூதியும் தாஜ்மகாலும் அவர் கையில் கண்ணைக் குத்தும் வெளிச்சமாக நிற்கின்றன. நிழல் கறுப்பாக இல்லாமல் நீலமாக விழுகிறது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்தரையில் நடந்தவர்களுக்கு அது எவ்வளவு சரி என்று தெரியும்.

முகங்கள்? தஞ்சாவூரில் கும்பினி அதிகாரிகளுக்காக நம் சித்திரக்காரர்கள் வரைந்த ஏடுகளில் தொழில்வாரியாக, சாதிவாரியாக ஆணும் பெண்ணும் ஜோடியாக நிற்பார்கள். கையில் தொழில் கருவி, முகம் எல்லாருக்கும் ஒன்றே. வெரெஷ்சாகினின் பக்கிரியும் பனியாவும் காஷ்மீரத் தபால்காரரும் அப்படியில்லை. ஒவ்வொருவரும் தனி ஆள், களைப்பும் சந்தேகமும் கண்ணில் தெரிகின்றன. ஆனால் பெயர் கிடையாது. இவ்வளவு நேரம் எதிரில் உட்காரவைத்துப் பார்த்த மனிதரிடம் பெயர் கேட்டு எழுதத் தோன்றவில்லை. எதற்கெடுத்தாலும் விளக்கம் எழுதும் ஒருவருக்கு இது சின்னப் பிழை அல்ல.

சின்னப் படங்களைப் பெரிதாக்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. பாரிசை அடுத்த மேசோன்-லஃபீத்தில் வட்டத் தண்டவாளத்தில் சுழலும் பட்டறை ஒன்று கட்டியிருந்தார். சூரியன் நகர நகரப் பட்டறையையும் நகர்த்தி, வேண்டிய வெளிச்சத்தில் ஆளை நிறுத்தி வரையலாம். அங்கே உருவானதுதான் 1876-ல் வேல்ஸ் இளவரசர் ஜெய்ப்பூருக்குள் வந்த ஊர்வலம். இன்று கல்கத்தா விக்டோரியா மெமோரியலில் இருக்கிறது. ஏறக்குறைய 23 அடி அகலம், 16 அடி உயரம். ஆங்கிலேயர் இந்தியாவை ஆளவந்த கதையைச் சொல்ல அவர் திட்டமிட்டு முடிக்காமல் விட்ட வரிசையில் இது ஒரு பகுதி. அலங்கரித்த யானைகள், அம்பாரிகள், கூட நடக்கும் ஏவலர்கள், பின்னால் இளஞ்சிவப்புச் சுவர்கள் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கின்றன. ஆனாலும் படம் நகரவில்லை. வைகாசியில் எங்கள் ஊரில் ஒன்பது கருட சேவை பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஊர்வலம் என்பது வாகனமும் அதைச் சுமப்பவர் தோளும் நெருக்கும் கூட்டமும் சேர்ந்தது. ஜெய்ப்பூர்ப் படத்தில் பார்வையாளருக்குக் கிடைத்திருப்பது மரியாதையான ஓர் இருக்கை. அன்னியர் பவனி போகிறார்கள் என்ற கசப்பு ஓவியர் மனதில் இருந்திருக்கலாம். திரைக்கு வந்து சேரவில்லை.

சரி, அவருடைய மிக வலிமையான படங்கள் எவை? 1871-ல் வரைந்த மண்டையோட்டுக் குவியல், 1880-களில் வரைந்த பீரங்கிப் படம். இரண்டையும் அவர் நேரில் பார்க்கவில்லை. குவியல் தைமூர் காலத்து நினைவு. அதை உலகை வென்றவர்கள் அனைவருக்கும், இனி வெல்லப்போகிறவர்களுக்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார். பீரங்கிப் படத்தில் வெள்ளை உடுத்தவர்களை வரிசையாகப் பீரங்கி வாயில் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஆங்கிலச் சிப்பாய்கள் விறைத்து நிற்கிறார்கள். 1872-ல் மலேர்கோட்லாவில் கூக்கா சீக்கியர்கள் 60-க்கும் மேற்பட்டோர் இப்படிக் கொல்லப்பட்டார்கள். சிப்பாய்களின் சீருடையோ 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்கு உரியது அல்ல, ஓவியரின் சொந்தக் காலத்தது. இப்படிக் கொன்றது 1857-ன் பழங்கதை, படத்தின் காலம் தப்பு என்று ஆங்கிலேயர் மறுக்க இந்தச் சீருடையே இடம் கொடுத்தது. எனக்கோ இதுதான் படத்தின் உயிர் என்று தோன்றுகிறது. தண்டனை பழங்கதையாகிவிடவில்லை, தேவைப்பட்டால் நாளையும் செய்வார்கள் என்பதைத்தான் சீருடை சொல்கிறது. 1806-ல் வேலூரில் சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்ட நாட்டில் இருப்பவர்கள், தேதி பொருந்தவில்லை என்று அந்தப் படத்தை ஒதுக்க மாட்டோம்.

ஆக, நேரில் நின்றது அவருக்குக் கொடுத்தது வெயிலும் தோலும் துணியும். கோபத்தை அவர் கேட்டதிலிருந்தும் படித்ததிலிருந்தும் எடுத்துக்கொண்டார். கோபம் இருந்த இடத்தில் படம் நின்றது.

அந்தக் கோபம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பாய்ந்ததா? துர்க்கெஸ்தானுக்கு அவர் போனது படையெடுத்தவர்களோடு. அங்கே வெட்டிய தலைகளைக் கம்பத்தில் ஏற்றி மகிழும் சமர்கந்துக் கூட்டத்தை விரிவாக வரைந்தார். ரஷ்யப் படை அந்த ஊர்களில் ஏன் இருந்தது என்ற கேள்வியை அந்த அளவுக்கு விரிக்கவில்லை. கைவிடப்பட்டுக் கிடக்கும் ரஷ்யச் சிப்பாயின் பிணத்தை வரைந்தபோது காஃப்மன் சீறினார்; வெரெஷ்சாகின் அதோடு சேர்த்து மூன்று படங்களைத் தானே எரித்துவிட்டார். பதவியை உதறியவர் ஒரு ஜெனரலின் சொல்லுக்கு இவ்வளவு நொந்துபோனது வியப்புதான். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பின்னாளில் பீரங்கிப் படத்தோடு சேர்த்து, பனி பொழியும் ரஷ்யாவில் சதிகாரர்களைத் தூக்கிலிடும் காட்சியையும் ரோமானியரின் சிலுவைத் தண்டனையையும் வரைந்து மூன்றையும் ஒரே வரிசையாக வைத்தார். தன் நாட்டைக் கழித்துவிட்டு ஆங்கிலேயரைக் குற்றம் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது.

அவருடைய எழுத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மனைவி எலிசபெத்தோடு எழுதிய பயணக் குறிப்புகளில் குளிர், பசி, வழி என்று உடம்பு பட்டது வருமிடங்களை இன்றும் படிக்கலாம். கண்காட்சி ஏடுகளில் படத்துக்குப் படம் எழுதிய விளக்கங்கள்தான் தொல்லை. இருட்டு மண்டபம், மின்விளக்கு, கீழ்நாட்டுக் கம்பளம், கையில் விளக்க ஏடு என்று பார்வையாளரைப் படத்தின்முன் கொண்டுவந்து நிறுத்துமுன்பே என்ன நினைக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். மண்டையோட்டுக் குவியலுக்கு அந்த உதவி வேண்டாம். ஜெய்ப்பூர் ஊர்வலத்தை எந்த விளக்கமும் காப்பாற்றாது.

பீரங்கிப் படம் நியூயார்க்கில் ஏலம் போனது. இன்று இருக்குமிடம் தெரியவில்லை. கறுப்பு வெள்ளைப் பிரதிகளில்தான் பார்க்கிறோம். அதனால் அதன் அமைப்பைப் பற்றித்தான் நான் பேசியிருக்கிறேன், நிறத்தைப் பற்றி அல்ல. அந்த வெள்ளைத் துணிகளில் வெயிலை எப்படி விழவைத்திருப்பார் என்று முத்து மசூதிப் படத்தைப் பார்த்து ஊகிக்கலாம்.