முறிவும் வெட்டும்

திருஞானசம்பந்தரின் பதிகம் தன் யாழுக்குள் அடங்கவில்லை என்றதும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்க ஓங்கினார், சம்பந்தர் தடுத்தார். தருமபுரத்துக் கோயில் கதை இது. சுவாமிக்கு யாழ்முரிநாதர் என்று பெயர்.

முறிப்பது எளிது. 2018 நவம்பரில் கஜா புயல் தருமபுரம் உள்ள இந்தக் கடலோரத்தில் செய்ததும் அதுதான். காற்று முறித்த கிளையைப் பாருங்கள்: நார்நாராகக் கிழிந்து, பட்டை தண்டோடு உரிந்து தொங்கும். நல்ல கத்தரி வெட்டோ கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும்.

அந்த வெட்டிலும் எவ்வளவு நுட்பம்! செம்பருத்தியில் இலைகள் மாறிமாறி வரும். கணுவுக்கு ஒரே மொட்டு. ஆகவே மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டவேண்டும், சரிவு மொட்டுக்கு எதிர்ப்புறம் இறங்கும்படி. நீர் மொட்டின்மேல் வழியாது. வெளிப்புறம் பார்த்த மொட்டானால் செடியின் நடுவில் காற்றும் வெயிலும் புகும். மல்லியிலும் இட்லிப்பூவிலும் இலைகள் எதிரெதிரே நிற்கும். அங்கே சாய்த்து வெட்டினால் ஒரு மொட்டுக்கு ஓரவஞ்சனை! நேராக வெட்டினால் இரண்டும் கிளைக்கும். இட்லிப்பூ கிளை நுனியில்தான் பூங்கொத்து வைக்கும். ஒரு நுனி இரண்டானால் கொத்தும் இரண்டு. பூத்து ஓய்ந்ததும் வெட்டுங்கள், அரும்பு கட்டியபின் வேண்டாம்.

குண்டுமல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் என்பது வேளாண் பரிந்துரை. ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. (போலீஸ்காரர் அணிவகுத்துப் பழகுவதற்கும் கவாத்து என்றுதான் பெயர், வெட்டி முடித்த மல்லி வரிசையைப் பார்த்தால் பொருத்தம் புரியும்.) ஆனால் நம் கடலோரத்தில் நவம்பர் கடைசியிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டும். ஈர வெட்டில் பூஞ்சணம் ஏறும். களிமண்ணில் நீர் தேங்கினால் வேரும் அழுகும். பரிந்துரைத் தேதியைவிட வானத்தை நம்புவதே சரி என்பேன்.

வெட்டுக்கு முன் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, பிறகு நோயுற்ற குச்சிகளைக் களைந்து, மிஞ்சிய இலைகளையும் உருவிவிட்டால், மல்லிச்செடி வெறும் குச்சியாக நிற்கும். பார்க்கப் பரிதாபம்தான். ஆனால் மல்லி அரும்புவது புதுத் துளிரில். எருவிட்டு நீர் பாய்ச்சினால் அந்தக் குச்சியிலேயே மார்ச்சில் வாசம் வரும்.

அரளியை வெட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் பால் நஞ்சு. கையைக் கழுவாமல் வாயையோ கண்ணையோ தொடாதீர்கள்.