இரண்டாவது நாயனம்

சிறுவயதில் ‘சேதுராமன் பொன்னுசாமி’ என்பது ஒரே ஆளின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் எங்கள் தெருவில் கல்யாணமோ காதுகுத்தோ எது நடந்தாலும், விடியும் முன்பே குழாய் ஸ்பீக்கரில் நாயனம் போட்டுவிடுவார்கள். கேசட் அட்டையில் எம்.பி.என். என்ற இனிஷியலும் இந்த இரண்டு பெயர்களும் இருக்கும். காதில் விழுவதும் ஒரு ஆள் வாசிக்கிற மாதிரிதான் இருக்கும். அது அண்ணன் தம்பி இரண்டு பேர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது ஏமாந்துபோன உணர்வுதான் வந்தது. அந்தத் தவறு எவ்வளவு பெரிய பாராட்டு என்று புரிய இன்னும் பல வருடங்கள் ஆயின.

மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி. 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கணேசனும் ஏ.வி.எம். ராஜனும் வாசிப்பதாக நாம் பார்க்கிற நாகஸ்வரம் இவர்களுடையது. இவர்களைப் பற்றி எழுதுகிற பெரும்பாலானவர்கள் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. இரண்டு பேர் எப்படி ஒரு ஆளாக ஆனார்கள்? அதைச் சொல்ல நம் இசை விமர்சனத்தில் ஏன் சொற்களே இல்லை?

நாம் எழுதுவதெல்லாம் தனியாட்களைப் பற்றி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, காருகுறிச்சி அருணாசலத்தின் குழைவு என்று நம்மிடம் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. ஆனால் நாகஸ்வரம் அடிப்படையில் தனியாள் கலை இல்லை. கல்யாண வீட்டில் ‘மேளம் சொல்லியாச்சா’ என்றுதான் கேட்பார்கள், ‘வித்வானைச் சொல்லியாச்சா’ என்று யாரும் கேட்பதில்லை. ஒரு செட் என்றால் இரண்டு நாயனம், தவில், தாளம், கூடவே ஒத்து. ஒத்து ஊதுகிற ஆள் இருந்த இடத்தில் இப்போது சுருதிப்பெட்டி இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து பயணம் போய், சேர்ந்து சாப்பிட்டு, ராத்திரி முழுக்கச் சாமி புறப்பாட்டோடு நடந்து வாசிக்கிற வாழ்க்கை அது.

*

மேற்கில் இதற்கு நெருக்கமான அமைப்பு தந்தி நால்வர் குழு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நான்கு அறிவாளிகள் உட்கார்ந்து பேசிக்கொள்வதைக் கேட்பதுபோல என்று கதே அதைப் பற்றி எழுதினார். நால்வருக்கும் தனித்தனிக் குரல், தனித்தனி வரி. ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கலாம். அமேடியஸ் குழு 1947-இல் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆள் மாறாமலே வாசித்தது. 1987-இல் வியோலாக்காரர் பீட்டர் ஷிட்லோஃப் இறந்துபோனார். மற்ற மூவரும் புது ஆளைத் தேடவில்லை. குழுவைக் கலைத்துவிட்டார்கள். அந்த உரையாடலில் ஒரு குரல் போனால் போனதுதான்.

நாகஸ்வர ஜோடியின் இலட்சியம் கிட்டத்தட்ட இதற்கு நேரெதிர். அங்கே இரண்டு பேரும் சொல்வது ஒரே வாக்கியம். கேட்க எளிதாகத் தோன்றும், ஆனால் கருவியைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு கொடூரமான வேலை என்று தெரியும். உலவில் விரல் வைக்கத் துளைகள் ஏழுதான். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கும் அத்தனை நெளிவையும் உதட்டின் அழுத்தமும் மூச்சின் அளவும்தான் தீர்மானிக்க வேண்டும். கெண்டையில் செருகுகிற சீவாளி நாணலில் செய்தது. எச்சிலில் ஊறி இளகும், காற்றில் காயும். ஒரு சீவாளி போல இன்னொன்று இருக்காது. நாயனத்தில் உதிரிச் சீவாளிகள் கொத்தாகத் தொங்குவது அழகுக்காக இல்லை.

இரண்டு ஒலிகள் மயிரிழை அளவு விலகினால் அவற்றுக்கு நடுவே ஒரு அதிர்வு எழும்; ஒலி கூடிக் குறைந்து விம்மும். பள்ளி இயற்பியலில் ‘விம்மல்’ என்று படித்தது இதைத்தான். கொஞ்சமாக இருந்தால் ஒலிக்குச் சதை கூடும். அதிகமானால் காது கூசும். சகோதரர்களின் ஒலியில் இருக்கும் அந்தப் பருமன் ஒற்றை நாயனத்தில் வராதது. இரண்டு மூச்சுகள் அந்த எல்லைக்குள்ளேயே நின்று பழகியதால் வந்தது அது.

*

இந்தப் பழக்கம் திடீரென்று வரவில்லை. இவர்களுடைய தாத்தா மதுரை எம்.கே.எம். பொன்னுசாமிப் பிள்ளை, தன் காலத்தின் பெரிய நாகஸ்வர வித்வான். 1930-இல் வெளியான ‘பூர்வீக சங்கீத உண்மை’ என்ற நூலை எழுதியவர். மேளகர்த்தா ராகங்கள் எழுபத்திரண்டு இல்லை, முப்பத்திரண்டே என்று வாதாடியவர். எழுபத்திரண்டில் விவாதி மேளங்கள் நாற்பதையும் கழித்தால் அந்தக் கணக்கு வரும். சரியா தவறா என்பது வேறு விஷயம். கோயில் வாசலில் நின்று ஊதுகிறவர்களுக்குக் கோட்பாடு எதற்கு என்று நினைத்த காலத்தில், ஒரு நாயனக்காரர் இலக்கண நூலோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். பேரன்கள் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கவில்லை. அந்தப் பிடிவாதம் அவர்களிடம் சுருதியாக இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்போது படத்துக்கு வருவோம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, ஏ.பி. நாகராஜன் இயக்கம், கே.வி. மகாதேவன் இசை. பெரிய மேளம் என்கிற நாகஸ்வரக்காரனும் சின்ன மேளம் என்கிற ஆட்டக்காரியும் காதலிக்கும் கதை. நாயன வாசிப்பின் நடுவே வாணவேடிக்கை வெடிக்க, சண்முகசுந்தரம் கோபித்துக்கொண்டு நிறுத்தும் காட்சி நினைவிருக்கும். மங்கல வாத்தியத்தின் நிலைமையைச் சொல்ல அந்த ஒரு காட்சி போதும். நாயனம் கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் யாரும் கேட்க வேண்டியதில்லை. தாலி கட்டும்போது ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று கத்துவதே வேறு எந்தச் சத்தமும் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தானே!

அந்தப் படம் நாகஸ்வரத்தைக் கேட்க வைத்தது. அதற்காக அதை எவ்வளவு கொண்டாடினாலும் தகும். ஆனால் ஒரு குறை உண்டு. அது நாயனத்தைக் கேட்க வைத்தது, ஜோடியைக் கேட்க வைக்கவில்லை. சிவாஜியின் கன்னமும் புருவமும் கழுத்து நரம்பும் அவ்வளவு உண்மையாக இருப்பதால், நம் கண் அவரை விட்டு நகர்வதே இல்லை. தவில் வாசிக்கும் டி.எஸ். பாலையாவைக்கூட ரசிக்கிறோம். பக்கத்தில் ஏ.வி.எம். ராஜனும் ஊதிக்கொண்டிருக்கிறார் என்பது மறந்துபோகிறது. கதைக்கு ஒரு நாயகன்தான் தேவை. சங்கீதத்திலோ இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தப் படத்தில் வரும் ‘நகுமோமு’வைத் திரையை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். ஆபேரி மேலே ஏறும் இடங்களில் ஒலி அகலமாவது தெரியும். வேகமான சங்கதிகளில் பிசிறே இருக்காது. நீண்ட கார்வை முடியும் நொடியைக் கவனியுங்கள். இரண்டு மூச்சுகள் ஒரே இடத்தில் நிற்கின்றன. யாரும் கைகாட்டி நிறுத்தியதுபோலத் தெரியவில்லை. எனக்கு அந்த முடிவுகள்தான் இவர்களுடைய உச்சம்.

*

மூன்று வருடங்களுக்கு முன் சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணம். மதுரையில் ஒரு மண்டபம். ரிசப்ஷனில் மேளக்காரர்கள் ஒரு ராகத்தை எடுத்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, டிஜே பாட்டைப் போட்டுவிட்டார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. பந்தி முடிந்தபின், வாசலில் நாயனத்தைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்த இரண்டாவது நாயனக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“அண்ணே, ரெண்டு பேரும் அண்ணன் தம்பியாண்ணே?”

“இல்ல தம்பி. அவரு வேற ஊரு. இன்னைக்குக் காலையிலதான் பாக்குறேன். போன்ல சொன்னாங்க, வந்துட்டேன்.”

“அப்ப எப்பிடிண்ணே சேந்து வாசிக்கிறீங்க?”

சிரித்தார். “மொத ஆளு அவரு வாசிக்கிறத மட்டும் கேட்டாப் போதும். ரெண்டாவது ஆளு அவரையும் கேக்கணும், தன்னையும் கேக்கணும். அவரு அடுத்து எங்க போவாருன்னும் கேக்கணும். தெரியாத ஆளுன்னா பாதி எடத்துல நான் விட்டுருவேன் தம்பி. வாசிக்கிற மாதிரி விரல் போகும், ஊத மாட்டேன்.”

ஊதாமல் விரலை மட்டும் ஓட்டுவது. சிவாஜி செய்ததும் அதுதான். திரையில் அது நடிப்பின் சாதனை. மண்டப மேடையில் அதுவே ஒரு கலை தேய்வதன் அடையாளம்.

*

இங்கே எனக்கே ஒரு தயக்கம் உண்டு. ஒரே குரலாக ஆவதை இவ்வளவு புகழலாமா? குடும்பத்துக்குள் பிறந்து, வேறு வழி யோசிக்காமல், ஒருவர் காலமெல்லாம் இரண்டாவது பெயராகவே இருந்துவிடுவது சுதந்திரமா? மேளக்காரர் குடும்பங்களின் ஒற்றுமைக்குப் பின்னால் சாதியின் கட்டாயமும் இருந்தது. கோயிலில் ஓரமாக நிற்க வைக்கப்பட்ட வரலாறும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் இன்று வேறு வேலைக்குப் போகிறார்கள் என்றால், குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. என் அப்பாவின் தொழிலை நானும்தான் எடுக்கவில்லை.

வேறு வழிகளும் இருக்கின்றன. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் 1986-இல் தனி வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன், பின்னால் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்ற குழுவை அமைத்தார். கர்நாடகக் கீர்த்தனைகளை நான்கு தந்திகளுக்குப் பிரித்து எழுதினார். சினிமா ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒன்றாக வேலை பார்த்துப் பழகிய காதுகள் அவை. குடும்பம் இல்லாமலும் ஒத்திசைவு சாத்தியம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதற்கும் வருடக்கணக்கில் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்துக்கு யாராவது கூலி கொடுக்க வேண்டும். சினிமா கொடுத்தது, முன்பு கோயில் கொடுத்தது. ஒரு முகூர்த்தத்துக்கு மட்டும் போன் போட்டு வரவழைக்கிற ஏற்பாடு அதைக் கொடுக்காது. ஆகவே, ‘நாகஸ்வரம் அழிகிறது’ என்று பொதுவாகப் புலம்புவதைவிட, முதலில் அழிவது இரண்டாவது நாயனம்தான் என்று குறிப்பாகச் சொல்லலாம். தனி வித்வான்கள் எப்படியும் வருவார்கள். ஜோடிகள் தானாக வருவதில்லை.

விமர்சகன் செய்யக்கூடியது சின்ன வேலைதான். இருவராக வாசிக்கும்போது முதல் ஆளின் கற்பனையைப் பற்றி மட்டும் எழுதாமல், இரண்டாமவர் எங்கே சேர்ந்தார், எங்கே விட்டுக்கொடுத்தார், எங்கே மூச்சை நிறுத்தினார் என்றும் எழுதலாம். அடுத்த கல்யாணத்தில் டிஜேயிடம் போய், ‘கொஞ்சம் நிறுத்துங்கண்ணே, அவங்க முடிக்கட்டும்’ என்று சொல்லலாம். எனக்கு இரண்டாவது வேலைதான் கஷ்டம். தை மாதம் மதுரையில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது.