யாரு வீட்டுப் பிள்ளை?

ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்கடியில் உட்கார்ந்து எமிலி பிராண்ட்டியின் ‘வுதெரிங் ஹைட்ஸ்’ (1847) கதையைச் சொல்ல ஆரம்பித்தால், ஹீத்கிளிஃப் வந்ததுமே கேள்வி விழும்: ‘அவன் யாரு வீட்டுப் பிள்ளை?’ சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களின் கேள்வி இது. நாவலுக்குள்ளும் இதைத்தான் கேட்கிறார்கள். லிவர்பூல் தெருவில் கண்டெடுத்த கருத்த பையன். பேச்சு யாருக்கும் புரியவில்லை. அன்றைய லிவர்பூல் அடிமை வணிகத் துறைமுகம். பக்கத்துப் பெரியவீட்டுக்காரர் அவனை ‘லஸ்கர்’ என்று ஊகிக்கிறார். ஐரோப்பியக் கப்பல்களில் கூலிக்குப் போன இந்திய, ஆசிய மாலுமிகளுக்கு அதுதான் பெயர். பிராண்ட்டி கடைசிவரை பதில் சொல்வதில்லை. பிரதியின் அரசியல் அந்த மௌனத்தில் இருக்கிறது.

படமெடுப்பவர்களுக்கு அந்த மௌனம் தாங்குவதில்லை. ஏ.ஆர். கர்தாரின் ‘தில் தியா தர்த் லியா’ (1966) இந்த அனாதையை மகாராஜா ஒருவரின் வாரிசாக்கியது. நாவலில் வேலைக்காரி நெல்லி, மனசொடிந்து நிற்கும் பையனைத் தேற்ற, உன் அப்பா சீனச் சக்கரவர்த்தியாகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருக்கலாம், யார் கண்டது என்கிறாள். அந்த ஆறுதல் பேச்சையே இந்திப் படம் பிறப்புச் சான்றிதழாக்கிவிட்டது. பிறப்பு உசத்தி என்று ஆனபின் காதலுக்கு யார் குறுக்கே நிற்கப்போகிறார்கள்?

ஆண்ட்ரியா ஆர்னால்டு 2011இல் சாலமன் கிளேவ், ஜேம்ஸ் ஹவ்சன் என்ற கறுப்பின நடிகர்களை ஹீத்கிளிஃப் ஆக்கினார். வசனம் குறைவு, சேறு, காற்று, அடிபட்ட முதுகு. இவனைக் கட்டினால் தனக்கு இழிவு என்று கேத்தரின் சொல்வதன் முழுக்கனமும் அங்கே விளங்குகிறது. 2026இல் வந்த எமரால்டு ஃபென்னெலின் படத்திலோ ஹீத்கிளிஃப் வெள்ளைக்கார ஜேகப் எலோர்டி. கேத்தரினின் பணக்காரக் கணவனாகத் தெற்காசிய வம்சாவளி ஷஸாத் லதீஃப். நிறம் திரையில் இருக்கிறது, அதற்கு அர்த்தம் மட்டும் இல்லை. இழிவு என்ற சொல் வெறும் ஏழை–பணக்காரன் சங்கதியாகச் சுருங்கிவிடுகிறது. காமம் தாராளமாக இருக்கிறது. அந்தக் காமத்தை ஊர் ஏன் தண்டிக்கிறது என்பதற்குத்தான் படத்தில் இடமில்லை.

இதை மேலைநாட்டார் சமாச்சாரம் என்று நாம் விட்டுவிட முடியாது. கர்தார் படத்து நாயகன் பெயர் சங்கர். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட தலித் இளைஞரின் பெயரும் சங்கர். சினிமா சங்கருக்குக் கடைசியில் ஒரு ராஜ்யம் கிடைத்தது. உடுமலை சங்கரின் பிறப்பை யாரும் திருத்தி எழுத முடியாது, திருத்தவும் வேண்டாம். திருத்த வேண்டியது, ‘யாரு வீட்டுப் பிள்ளை’ என்று கேட்கிற நம் வாயை.